முகாமுக்குப் போகும் வார்ப்பிரும்புப் பாத்திரங்கள்: கட்டுவதும், கொண்டுபோவதும், வைத்திருப்பதும்

சியாட்டிலில் வசித்துக்கொண்டு, கோடைக்காலத்தில் குடும்பத்துடன் காரில் முகாமுக்குச் செல்லும் ஒருவர் கேட்டிருப்பது இது. அவரிடம் மூன்று கால்கள் கொண்ட 12 அங்குல டச் அவன் (மூடியின் மேலும் தணல் பரப்பிச் சமைக்கும் கனமான வார்ப்பிரும்புப் பாத்திரம்) ஒன்றும், ஊரிலிருந்து கொண்டுவந்த தோசைக்கல்லும் குழிப்பணியாரக்கல்லும் இருக்கின்றன. ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் நன்றாக எண்ணெய் தடவித்தான் பெட்டியில் வைக்கிறார். ஆனாலும் அடுத்த முறை திறக்கும்போது ஓரிடத்தில் துருவும், ஓரிடத்தில் பிசுபிசுப்பும், அவற்றோடு ஒரு காறல் வாடையும் இருக்கின்றன. போன முறை டச் அவன் மூடியின் விளிம்பிலிருந்து ஒரு சில்லும் பெயர்ந்துவிட்டது. இவற்றை எப்படிக் கட்டுவது, காரில் எங்கே வைப்பது, அக்டோபர் முதல் மே வரை வீட்டில் எங்கே வைத்திருப்பது என்பவை அவருடைய கேள்விகள்.

வார்ப்பிரும்பைப் பற்றிச் சொல்லப்படும் அறிவுரைகளில் பெரும்பாலானவை எண்ணெயில் தொடங்கி எண்ணெயிலேயே முடிகின்றன. இவருடைய சிக்கலுக்குக் காரணமே அந்த அறிவுரைதான் என்பது என் கருத்து. துருவும் காறலும் தொடங்குவது முகாமின் கடைசிக் காலையில், கூடாரத்தைப் பிரிக்கும் அவசரத்தில், அரைகுறையாகக் காய்ந்த இரும்பின் மேல் தாராளமாக எண்ணெயைப் பூசிப் பெட்டிக்குள் போட்டு மூடும் அந்தச் சில நிமிடங்களில்தான். அங்கே வேண்டியது கூடுதல் சூடும் குறைவான எண்ணெயும்.

காரணத்தைக் கொஞ்சம் விளக்குகிறேன். தெரிந்துகொண்டால் மற்ற வேலைகளை அவரே தீர்மானித்துக்கொள்ளலாம். நன்கு பழக்கிய கல்லின் மேல் இருக்கும் கறுப்புப் படலம் எண்ணெய் அன்று; அதிக சூட்டில் எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டிப்பட்ட ஒரு பூச்சு. அந்தப் பூச்சு இரும்பை முழுமையாக மூடுவதில்லை. கரண்டி பட்ட கீறலிலும், மணல் அச்சில் வார்த்தபோது உண்டான சிறு பள்ளங்களிலும் இரும்பு வெளியே தெரிந்துகொண்டேதான் இருக்கும். அந்தப் பள்ளங்களில் நீர் தங்கியிருக்கும்போது மேலே எண்ணெய் தடவினால், நீர் உள்ளேயே அடைபட்டுத் தன் வேலையைத் தொடர்கிறது. மறுபுறம், சூடு காணாமல் திரவமாகவே நிற்கும் சமையல் எண்ணெய் காற்றோடு மெல்ல வினைபுரிந்து, முதலில் காறி, பிறகு பசைபோல இறுகுகிறது. ஆகவே ஒரே பாத்திரத்தில் துருவும் பிசுபிசுப்பும் சேர்ந்து இருப்பதில் வியப்பில்லை. ஈரத்தின் மேல் தடவப்பட்ட மிகையான எண்ணெயின் இரண்டு விளைவுகள் அவை.

எனவே கடைசிக் காலையில் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். சமையல் முடிந்ததும் பாத்திரத்தைத் தானாக ஆறவிட்டு, இளஞ்சூடாக இருக்கும்போதே வெந்நீரும் மரக்கரண்டியும் கொண்டு ஒட்டியிருப்பதைச் சுரண்டிக் கழுவ வேண்டும். பிசுக்கு அதிகமாக இருந்தால் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தைக் கொஞ்சம் பயன்படுத்தலாம். இன்றைய திரவங்களில் காஸ்டிக் சோடா இல்லாததால் பழக்கிய படலத்துக்கு அதனால் தீங்கு இல்லை. வார்ப்பிரும்பில் சோப்பே படக் கூடாது என்ற பழைய எச்சரிக்கை அந்தக் காலத்துக் காரச் சோப்புகளுக்கு உரியது. கழுவிய நீரை ஓடையிலோ ஏரியிலோ கொட்டாமல், முகாமில் அதற்கென்று உள்ள தொட்டியில் கொட்ட வேண்டும். அப்படி ஒன்று இல்லாத இடமானால் நீர்நிலையிலிருந்து 200 அடியாவது தள்ளி ஊற்றுவது அமெரிக்க முகாம்களில் பொதுவாகப் பின்பற்றப்படும் ஒழுங்கு.

அடுத்ததுதான் முக்கியமான படி. துணியால் துடைத்ததோடு நிறுத்தாமல், கேம்ப் ஸ்டவ்வை மீண்டும் பற்றவைத்து, வெறும் பாத்திரத்தை மிதமான தீயில் ஏற்ற வேண்டும். பரப்பில் தெரியும் ஈரம் மறைந்த பின்னும் ஐந்து நிமிடம் அது தீயிலேயே இருக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத நீர் போவது அந்த நேரத்தில்தான். பணியாரக்கல்லைக் கவிழ்த்துத் தட்டி, ஒவ்வொரு குழியையும் துணி முனையால் ஒற்றி எடுத்த பிறகே தீயில் வைக்க வேண்டும், ஏனென்றால் குழியின் அடியில் ஒரு துளி நின்றாலும் அங்கே வட்டமாகத் துருப் பிடிக்கும். டச் அவனில் மூன்று இடங்களைக் கைவிளக்கு வைத்தே பார்க்கச் சொல்வேன்: கால்கள் அடிப்பாகத்தோடு சேரும் மூலைகள், கம்பிக் கைப்பிடி நுழையும் காதுகள், மூடியின் உட்புற விளிம்பு. அடிப்பாகம் கைவைக்க முடியாத சூட்டில் இருக்கும்போதும் மூடி குளிர்ந்தே இருக்கும் என்பதால், அதைத் தனியாகத் தீயில் காட்ட வேண்டும்.

காய்ந்த பிறகு, சூடு இருக்கும்போதே, ஒரு சிறு கரண்டி எண்ணெயைத் துணியில் நனைத்து உள்ளும் புறமும் தடவி, உடனே வேறொரு உலர்ந்த துணியால், தடவியதையெல்லாம் திரும்ப எடுத்துவிடுவதுபோல அழுத்தித் துடைத்துவிட வேண்டும். விரல் வைத்தால் விரலில் எண்ணெய் ஒட்டக் கூடாது. எந்த எண்ணெய் என்று நம்மவர்கள் நெடுநேரம் விவாதிப்பார்கள். நல்லெண்ணெயோ கனோலாவோ கையில் எது இருக்கிறதோ அதுவே போதும். எவ்வளவு தடவுகிறோம் என்பதுதான் விளைவைத் தீர்மானிக்கிறது.

சாம்பலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மூடியின் மேல் தணல் பரப்பிச் சமைப்பவர்கள் இதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் பட்டதும் காரமாகிப் படலத்தை அரிக்கத் தொடங்கும். இரவு சமைத்துவிட்டுத் தணலைக் கொட்டிய மூடியை அப்படியே பனியில் விட்டுவிட்டால், காலையில் மூடியின் மேற்புறம் சாம்பல் நிறத்தில் திட்டுத்திட்டாக வெளுத்திருப்பதைப் பார்க்கலாம். தணலைக் கொட்டியவுடன் சிறு துடைப்பத்தால் சாம்பலைத் தட்டிவிடுவது ஒரு நிமிட வேலை. அந்தத் துடைப்பமும் மூடி தூக்கும் கொக்கியும் பாத்திரத்தின் கூடவே ஒரே பையில் இருந்தால்தான் அந்த வேலை நடக்கும்.

இனிக் கட்டும் முறை. வார்ப்பிரும்பில் 2 முதல் 4 விழுக்காடு வரை கார்பன் இருக்கிறது. அதில் பெரும்பகுதி மெல்லிய கிராஃபைட் தகடுகளாக இரும்புக்குள் பரவிக் கிடப்பதால், மேலிருந்து அழுத்தும் எடையை இந்த இரும்பு நன்றாகவே தாங்கும். வளைக்கும் விசையையும் திடீர் அடியையும் தாங்காது. எஃகுத் தவா விழுந்தால் நெளியும், வார்ப்பிரும்புக் கல் விழுந்தால் உடையும். ஒன்றின் மேல் ஒன்று மோத விடாமலும், நடுவில் தாங்கல் இல்லாமல் ஓரங்களில் மட்டும் எடை விழாமலும் பார்த்துக்கொள்வதே கட்டுவதன் நோக்கம்.

டச் அவனை முதலில் எடுத்துக்கொள்வோம். 12 அங்குல அளவில் மூடியோடு சேர்த்து ஏறக்குறைய 9 கிலோ இருக்கும் பாத்திரம் அது. அந்த எடை முழுவதும் மூன்று சிறு கால்களின் வழியாக இறங்குகிறது. பாத்திரத்தைக் கார் டிக்கியில் பொத்தென்று வைத்தால் கால் உடைவதைவிட, கால் மேலே ஏறி அடிப்பாகத்தில் விரிசல் விடுவதற்கே வாய்ப்பு அதிகம். இதற்கு நான் பரிந்துரைப்பது ஒரு சாதாரண மரப்பெட்டி: பெட்டியின் அடியில் முக்கால் அங்குலப் பலகை ஒன்றைப் போட்டு, அதில் மூன்று துளைகள் இட்டு, கால்கள் துளைக்குள் இறங்கிப் பாத்திரத்தின் அடிப்பாகம் தடித்த துணியின் மேல் அமரும்படி செய்துவிட வேண்டும். கால்கள் நீளமாக இருந்தால் பலகைக்கு அடியில் கட்டைகள் கொடுத்து உயர்த்திக்கொள்ளலாம். அப்போது எடை கால்களில் விழாது, பாத்திரமும் பெட்டிக்குள் சுழலாது. கடையில் கிடைக்கும் பால் கூடை போதாதா என்றால், 10 அங்குலத்துக்குப் போதலாம். 12 அங்குலத்தில் மூடியின் விளிம்பும் காதுகளும் வெளியே நீண்டிருக்கும் என்பதால் அளந்து பார்த்த பிறகே வாங்குவது நல்லது.

மூடியில் சில்லு பெயர்ந்ததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: இரும்பின் மேல் இரும்பாக மூடியை வைத்து, கற்சாலையில் நீண்ட தூரம் ஓட்டியிருப்பார். ஒவ்வொரு குலுக்கலிலும் மூடி எழும்பி, அதே விளிம்பில் விழுகிறது. பழைய பருத்தித் துணியை நான்காக மடித்து, பாத்திரத்தின் வாய் மேல் குறுக்காகப் போட்டு, அதன்மேல் மூடியை வைத்தால் மோதலும் நிற்கும், உள்ளே காற்றும் போகும். பிறகு கம்பிக் கைப்பிடியை மடக்கி, மூடியையும் பாத்திரத்தையும் சேர்த்து ஒரு நாடாவால் இறுக்கிவிடலாம். கிழிந்த வேட்டி இதற்கு மிகப் பொருத்தமானது. செயற்கை இழைத் துணி வேண்டாம், சூடு முழுவதும் ஆறாத இரும்பில் அது உருகி ஒட்டிக்கொள்ளும்.

தோசைக்கல்லையும் பணியாரக்கல்லையும் டச் அவனுக்குள்ளோ அதன் மூடி மேலோ அடுக்கிவைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிட வேண்டும். தட்டையான கல்லைப் படுக்கவைத்து மேலே எடை ஏற்றினால், அடியில் ஒரு கரண்டியோ கூடார முளையோ கிடந்தால்கூட, அந்தப் புள்ளியைச் சுற்றி வளைவு விசை உண்டாகும். கண்ணாடிக் கடைக்காரர் கண்ணாடியை நிறுத்தியே ஏற்றிச்செல்வதுபோல, தோசைக்கல்லைத் துணிப்பையில் இட்டு, இரண்டு மெல்லிய பலகைகளுக்கு நடுவில், பெட்டியின் ஓரமாகச் செங்குத்தாக நிறுத்திச் செருகுவதே பாதுகாப்பு. அடியில் மடித்த சாக்கு ஒன்று இருக்கட்டும். பணியாரக்கல்லைக் குழிகளுக்குள் துணியைத் திணித்து, அதே வரிசையில் அடுத்து நிறுத்தலாம். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பைகளை எதற்கும் பயன்படுத்தக் கூடாது. இளஞ்சூட்டோடு உள்ளே போகும் இரும்பு ஆறும்போது பைக்குள் இருக்கும் ஈரமெல்லாம் அதன் மேலேயே வியர்த்து இறங்கும்.

காரில் வைக்கும் இடம் பற்றி இவர் கேட்டிருப்பது பாத்திரத்தின் நலனுக்காக. நான் சொல்வது பயணிகளின் நலனுக்காக. 1866-இல் டெக்சஸில் சார்லஸ் குட்நைட் என்ற மாட்டுப் பண்ணையாளர் மாட்டு மந்தைப் பயணங்களுக்காக உருவாக்கிய சமையல் வண்டியிலும் கனமான டச் அவன்கள் மேல்தட்டில் ஏறவில்லை. வண்டியின் பின்புறம் சமையல் பெட்டிக்கு அடியில், தாழ்வாகத் தொங்கும் அறையில் கிடந்தன. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் எதிலாவது மோதித் திடீரென்று நின்றால், கட்டப்படாத பாத்திரம் அதே வேகத்தில் முன்னோக்கிப் பறக்கும். சுமார் 39 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஏறத்தாழ 12 மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும் வேகம் அது. 9 கிலோ இரும்புக்கும் குழந்தைகளின் தலைக்கும் இடையில் பின்னிருக்கையின் முதுகு மட்டும்தான் இருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டு, பெட்டியை டிக்கியின் தரையில், பின்னிருக்கையின் முதுகோடு ஒட்டி வைத்து, அங்குள்ள உலோக வளையங்களில் பட்டை கோத்து இறுக்க வேண்டும். ஜன்னலை ஒட்டிய பின் தட்டிலோ கார் கூரைப் பெட்டியிலோ இதற்கு இடமே இல்லை.

கிளம்பும் அவசரத்தில் சூடான பாத்திரத்தை டிக்கியில் ஏற்றிவிடுவதும் நடக்கிறது. தடித்த வார்ப்பிரும்பு ஆற ஒரு மணி நேரம்கூட ஆகலாம். பார்வைக்கு ஒன்றும் தெரியாது, தரைவிரிப்புதான் கருகும். சீக்கிரம் ஆறட்டும் என்று குளிர்ந்த நீரை ஊற்றினால், ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் விரிந்தபடியே இருக்க, படீரென்று விரிசல் விடும். எனவே கடைசிக் காலை உணவைத் தோசைக்கல்லோடு முடித்துக்கொண்டு, டச் அவனை முந்தைய இரவே கழுவிக் காயவைத்துவிடுமாறு திட்டமிடுவது நல்லது. மிஞ்சிய குழம்பை அதிலேயே வைத்து வீடுவரை கொண்டுபோகலாம் என்று நினைக்கவும் கூடாது. புளியும் தக்காளியும் சில மணி நேரத்தில் படலத்தைக் கரைத்துவிடும். குழம்பிலும் இரும்பு வாடை ஏறும்.

முகாமில் இரவு வைத்திருப்பதற்கு, இவர் செல்லும் பகுதிகளில், சட்டமும் உண்டு. எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் கரடிகளுக்காக விதிக்கப்பட்ட உணவுப் பாதுகாப்பு விதிகள் சமையல் பாத்திரங்களையும் உள்ளடக்கியவை. கழுவியிருந்தாலும் கழுவாவிட்டாலும், பயன்படுத்தாத நேரத்தில் அவற்றை வெளியே விட்டுவைக்கக் கூடாது. பழக்கிய இரும்பிலிருந்து எண்ணெய் வாடை முழுவதும் போவதே இல்லை என்பதால் இந்த விதி வார்ப்பிரும்புக்கு மிகவும் பொருந்தும். கூடாரத்துக்குள் எடுத்துப்போவது ஒருபோதும் ஆகாது. அந்தந்தப் பூங்காவின் விதிப்படி கரடி புகாத இரும்புப் பெட்டியிலோ பூட்டிய காரிலோ வைக்கலாம். எந்த இடத்தில் காரை ஏற்றுக்கொள்கிறார்கள், எந்த இடத்தில் பெட்டியை மட்டும் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது பூங்காவுக்குப் பூங்கா மாறுவதால் நுழைவாயிலில் கேட்டுக்கொள்வது அவசியம். இரும்புப் பெட்டிகளுக்குள் இரவில் ஈரம் கோக்கும். அங்கேயும் துணிப்பை தேவை, மறுநாள் காலை ஒரு நிமிடச் சூடும் தேவை. ஒலிம்பிக் தீபகற்பத்தின் கடற்கரை முகாம்களுக்குச் செல்வதானால் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும் என்பதால், சமையல் முடிந்ததும் பாத்திரம் வெளியே கிடக்கவே கூடாது.

விமானத்தில் செல்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வரி: அமெரிக்க விமான நிலையங்களின் பாதுகாப்புச் சோதனையில் வார்ப்பிரும்புப் பாத்திரங்களைக் கைப்பெட்டியில் அனுமதிப்பதில்லை, பதிவு செய்யும் பெட்டியில்தான் வைக்க வேண்டும். ஊரிலிருந்து தோசைக்கல் கொண்டுவருபவர்கள் அதைப் பெட்டியின் ஓரத்தில் வைக்காமல், நான்கு பக்கமும் துணிமணி சூழ நடுவில் வைத்தால் முழுதாக வந்து சேர வாய்ப்பு உண்டு.

வீடு திரும்பியதும் வரும் ஆபத்து பலருக்குத் தெரிவதில்லை. மலையிலிருந்து குளிர்ந்த இரும்பைக் கொண்டுவந்து, சமையல் நடந்துகொண்டிருக்கும் கதகதப்பான வீட்டுக்குள் உடனே பெட்டியைத் திறந்தால், அறைக் காற்றின் ஈரம் அதன் மேல் பனித்துளியாகப் படியும். கனமான இரும்பு மெதுவாகத்தான் சூடேறும் என்பதால் அந்த ஈரம் வெகுநேரம் நிற்கும். பெட்டியைத் திறக்காமல் சில மணி நேரம் வீட்டுக்குள் வைத்திருந்து, அறையின் சூட்டுக்கு வந்தபின் திறப்பது ஒரு வழி. எடுத்தவுடன் நேராக அடுப்பில் ஏற்றிவிடுவது இன்னொரு வழி. கோடை முடிந்து கடைசிப் பயணத்திலிருந்து திரும்பியபோது, இதோடு ஒரு வேலையையும் சேர்த்துச் செய்துவிடலாம்: பாத்திரங்களை மிக மெல்லிய எண்ணெய்ப் பூச்சோடு வீட்டுச் சமையலறை அவனில் (ஓவன்) கவிழ்த்துவைத்து, 230 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் சூடாக்கி, அதற்குள்ளேயே ஆறவிட வேண்டும். அப்போது தடவிய எண்ணெய் காறுவதற்கு மிஞ்சாமல் படலமாகவே மாறிவிடும். மரக் கைப்பிடி உள்ள பாத்திரத்துக்கு மட்டும் இது பொருந்தாது.

அக்டோபர் முதல் மே வரை வைக்கும் இடம் கார் நிறுத்தும் கொட்டகையாக இருக்கக் கூடாது என்பதே என் பதில். சியாட்டிலின் மழைக்காலத்தில் அங்கே ஈரம் அதிகம். போதாததற்கு, இரவுக் குளிரில் ஆறிய இரும்பின் மேல், மழையில் நனைந்த கார் உள்ளே வந்து நிற்கும்போது எழும் ஆவி படியும். வீட்டுக்குள், சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டோ படுக்கையறை அலமாரியோ, வெப்பம் பெரிதாக ஏறி இறங்காத எந்த இடமும் இதைவிட மேல். டச் அவன் மூடியைப் பொருத்தி மூடாமல், சுருட்டிய காகிதத் துவாலை ஒன்றை விளிம்பில் செருகிச் சற்றுத் திறந்தபடி வைக்க வேண்டும். உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடலாம். மூடிய பெட்டிக்குள்தான் அதற்கு உண்மையான பயன் உண்டு. செய்தித்தாள் சுற்றுவது பயணத்தின்போது பரவாயில்லை, மாதக்கணக்கில் வைக்கும்போது அது ஈரத்தைப் பிடித்து இரும்போடு ஒட்டிவைத்துக்கொள்ளும்.

ஓர் ஆண்டுக்கு மேல் தொடப்போவதில்லை என்றால், சமையல் எண்ணெய்க்குப் பதிலாக உணவுத் தரமுள்ள மினரல் ஆயில் தடவலாம். அது காறுவதில்லை, ஆனால் படலமாகவும் மாறாது என்பதால் மீண்டும் எடுக்கும்போது சோப்பிட்டுக் கழுவிவிட வேண்டும். இவர் போன்று ஆண்டுதோறும் எடுப்பவர்களுக்கு அது தேவையில்லை. குளிர்காலத்தில் ஒரு முறை அந்தப் பாத்திரத்தில் வீட்டிலேயே சமைத்துவிட்டால் அதைவிட நல்ல பராமரிப்பு வேறில்லை.

ஏற்கெனவே துருப் பிடித்திருக்கும் இடங்களை எஃகுக் கம்பிப் பஞ்சால் தேய்த்தாலே பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால், வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்த கரைசலில் ஊறவிட்டு, அரை மணி நேரத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும். துரு கரைந்து முடிந்ததும் அதே அமிலம் இரும்பைத் தின்னத் தொடங்கும் என்பதால் இரவு முழுவதும் ஊறவிடுவது தவறு. பிசுபிசுப்பான பகுதிகளுக்கு வெந்நீர், சோப்பு, தேங்காய் நார் போதும்; அதற்கும் அசையாவிட்டால் பாத்திரத்தைக் கவிழ்த்து வீட்டு அவனில் மேலே சொன்ன சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தால் பசை இறுகிப் படலத்தோடு சேர்ந்துவிடும். பிறகு வழக்கம்போல மெல்லிய பூச்சு.

சில்லு பெயர்ந்த மூடியைப் பற்றி: முதலில் அதைக் கைப்பிடியில் தொங்கவிட்டு மரக்கரண்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். மணிபோல நீண்டு ஒலித்தால் சேதம் விளிம்போடு நின்றுவிட்டது என்று கொள்ளலாம். கூரிய முனையை அரத்தால் தேய்த்து மழுக்கி, அந்த இடத்தை மட்டும் பழக்கிக்கொண்டு தொடர்ந்து பயன்படுத்தலாம். இடைவெளி வழியே சாம்பல் உள்ளே விழாதபடி, தணல் அடுக்கும்போது அந்தப் பக்கத்தைக் காலியாக விட வேண்டும். தட்டும்போது ஒலி மந்தமாக அடங்கினால், கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் ஓடியிருக்கக் கூடும். அத்தகைய மூடியைத் தணலின் கீழ் வைக்காமல் மாற்றிவிட வேண்டும். மாற்றும்போது அதே நிறுவனத்தின் அதே அளவு மூடியையே தேட வேண்டும், ஏனெனில் 12 அங்குலம் என்று குறித்திருந்தாலும் ஒரு நிறுவனத்தின் மூடி இன்னொன்றின் பாத்திரத்தில் சரியாக அமர்வதில்லை.